கார்டு மாற்றியும் தீராத சர்வர் கோளாறு

நம் உறுப்பினர்களின் கடைகளில் கம்ப்யூட்டர் பில் என்பது பழகிப்போன விஷயம். உள்ளே ஒரு சர்வர், முன்னால் மூன்று நான்கு பில்லிங் கவுண்டர்கள், கணக்கர் மேஜையில் ஒன்று, குடோனில் ஒன்று என்ற ஏற்பாடு நடுத்தர மளிகைக் கடைக்கே வந்துவிட்டது. இப்படிப்பட்ட கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "சர்வர் கனெக்‌ஷன் விட்டு விட்டுப் போகிறது. நெட்வொர்க் கார்டு போய்விட்டது என்று மாற்றினோம். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் அதே எர்ரர்." இரண்டாவது கார்டு, மூன்றாவது கார்டு என்று மாற்றிய பிறகு, "சர்வரையே மாற்றிவிடுங்கள்" என்ற யோசனை வரும். அந்தச் செலவுக்குத் தலையாட்டுவதற்கு முன் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இங்கே எழுதுகிறோம்.

கார்டின் விலை பெரிய தொகையல்ல. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பில் பாதியில் நிற்கும்போது இணைப்பு அறுந்தால், சரக்கு வாடிக்கையாளர் பையில் போயிருக்கும், இருப்பில் கழிந்திருக்காது. பல கவுண்டர்கள் ஒரே கணக்குக் கோப்பில் எழுதும் முறையில், எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் இணைப்பு போனால் கோப்பே கெட்டுப்போகலாம். மொத்த வியாபாரிகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுப்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாகிவிட்டது. பில் விவரம் சர்வரில் மாட்டிக்கொண்டால் இ-இன்வாய்ஸும் இல்லை, இ-வே பில்லும் இல்லை. ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பத்து நாள் மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. கார்டு மாற்றியவுடன் கோளாறு நின்றது உண்மை. ஆனால் கார்டு மாற்றும்போது என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். சர்வரை நிறுத்துகிறார்கள். பின்னால் செருகியிருந்த கேபிளைப் பிடுங்குகிறார்கள். புதுக் கார்டைப் போட்டு, அதே கேபிளை அழுத்திச் செருகுகிறார்கள். நகர்ந்து கிடந்த கேபிள் வேறு வாகில் வளைந்து உட்காருகிறது. பாசி படிந்த பித்தளைப் பாத்திரத்தைத் துடைத்தது போல, செருகியின் உலோக நுனிகள் உராய்ந்து கொஞ்சம் சுத்தமாகின்றன. யாரோ எப்போதோ கார்டில் மாற்றி வைத்திருந்த அமைப்புகளும் புதுக் கார்டில் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. இத்தனையும் சேர்ந்து கொடுத்த சுகத்துக்கு, புதுக் கார்டு மட்டும் பெயர் வாங்கிக்கொள்கிறது. சில நாளில் கேபிள் மறுபடி தளர்ந்ததும் பழைய கதை.

ஆகவே ஒரே எர்ரர் இரண்டாவது தடவை வந்தால், கார்டைச் சந்தேகப்படுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கேபிள், ஸ்விட்ச், மின்சாரம், அமைப்பு ஆகிய நான்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

எர்ரர் என்பது என்ன?

சர்வரும் கவுண்டரும் பேசிக்கொள்ளும் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் போகிறது. வழக்கமான பொட்டலம் ஒன்றின் உச்ச அளவு 1,518 பைட். அதில் கடைசி 4 பைட் சரிபார்ப்புக்கு உரியது. எடைச்சீட்டில் ஒவ்வொரு மூட்டையின் எடையையும் எழுதி, அடியில் கூட்டுத்தொகை போட்டு அனுப்புகிறோம் அல்லவா, அதே முறைதான். வாங்குகிறவர் தானும் கூட்டிப் பார்ப்பார். தொகை ஒத்துவராவிட்டால் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பிழைக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்வார். அனுப்பியவர் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புவார். இது எப்போதாவது நடந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. அடிக்கடி நடந்தால் பில் போடுவது மந்தமாகும். இன்னும் அதிகமானால் பில்லிங் புரோகிராம் காத்திருந்து அலுத்து, இணைப்பு இல்லை என்று திரையில் போட்டுவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பிழையைச் சொல்வது கார்டுதான் என்றாலும் குற்றவாளி அதுவாக இருக்க வேண்டியதில்லை என்பதே. தராசில் எடை குறைவது தெரிந்தால், வழியில் மூட்டை ஓட்டையாகி இருக்கலாம். தராசை மாற்றி என்ன பயன்?

இன்னொரு வசதியும் உண்டு. கடைகளில் உள்ள சாதாரண ஸ்விட்ச்சுகள் ஒவ்வொரு பொட்டலத்தையும் முழுமையாக வாங்கிச் சரிபார்த்த பிறகே அடுத்த பக்கம் அனுப்பும். முதல் கவுண்டரின் கேபிளில் சிதைந்த பொட்டலம் ஸ்விட்ச்சிலேயே நின்றுவிடும், சர்வர் வரை வராது. எனவே சர்வரில் இந்தப் பிழைக் கணக்கு ஏறினால், குறை சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு பகுதியில் இருக்கிறது என்று கொள்ளலாம். தேட வேண்டிய இடம் கடை முழுவதும் என்பதிலிருந்து சில அடி தூரமாகச் சுருங்கிவிடுகிறது.

கணக்கைப் பார்ப்பது எளிது. விண்டோஸில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, நெட்ஸ்டாட் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஈ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்தால், வந்தவை, போனவை என்று இரண்டு வரிசையில் எண்கள் வரும். அதில் எர்ரர்ஸ் என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல இணைப்பில் அது பூஜ்யமாக அல்லது அதை ஒட்டி இருக்கும். காலையில் ஒரு முறை, கூட்டம் ஓய்ந்த பின் ஒரு முறை எழுதிவைத்தால் ஏறுகிறதா என்று புரிந்துவிடும். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டால் இந்த எண் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கவுண்டரா, எல்லாக் கவுண்டருமா?

மெக்கானிக் வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஆனால் பல சமயம் யாரும் கேட்பதில்லை. ஒரு கவுண்டர் மட்டும் அறுந்தால் அந்தக் கவுண்டரின் கேபிளையும் ஸ்விட்ச்சில் அது செருகிய துளையையும் பார்த்தால் போதும். எல்லாம் ஒரே நொடியில் அறுந்தால் சர்வர் பக்கம், ஸ்விட்ச், அல்லது கரண்ட்.

கரண்ட் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்வரும் கவுண்டர்களும் யூபிஎஸ்ஸில் இருக்கும். ஸ்விட்ச்சோ, பரண் மேல், சாதாரண பிளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் ஸ்விட்ச் அணைந்து எரியும். சர்வர் அணையவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சர்வரின் பதிவேட்டில் மட்டும் "நெட்வொர்க் இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று கார்டின் பெயரோடு ஒரு வரி விழும். அதைப் படித்தவர் கார்டு கெட்டது என்று முடிவு கட்டுவார். ஸ்விட்ச் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே அதையும் செருகிவிட்டால் எத்தனையோ கடைகளில் பிரச்சினை அன்றோடு தீரும்.

இதற்காகத்தான் ஒரு சின்ன நோட்டுப் போடச் சொல்கிறோம். தேதி, மணி, எந்தக் கவுண்டர், அப்போது கரண்ட் போனதா, மழையா, மாவு மிஷின் ஓடியதா, குளிர்பெட்டி போட்டார்களா. பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையே அல்ல. இரண்டு வாரம் எழுதினால் கோளாறு எந்த நேரத்தோடு சேர்ந்து வருகிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

கேபிள் என்னும் பெரிய தலைவலி

மளிகைக் கடை கேபிளுக்கு ஏற்ற இடம் அல்ல. எலி கடிக்கும். மூட்டை மேலே அடுக்குவார்கள். தள்ளுவண்டிச் சக்கரம் ஏறி இறங்கும். மிளகாய்த் தூளும் மாவும் செருகும் துளைக்குள் போய்ப் படியும். கேபிளில் நான்கு பின்னல் ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். எலி ஒரு கம்பியைக் கடித்துவைத்தால் இணைப்பு முழுவதும் போய்விட வேண்டும் என்பதில்லை. வேகம் 1 ஜிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கலாம், அல்லது ஏறி இறங்கித் தடுமாறலாம். விண்டோஸில் இணைப்பின் நிலையைத் திறந்தால் வேகம் எழுதியிருக்கும். ஜிகாபிட் கார்டும் ஜிகாபிட் ஸ்விட்ச்சும் இருந்தும் 100 என்று காட்டினால், கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாங்கும்போதே ஏமாறுவதும் உண்டு. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. வெளியே செம்பு நிறம், கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. சுருள் எடையும் குறைவாக இருக்கும். நெட்வொர்க் கேபிளுக்கான தர விதிகள் முழுச் செம்பையே கேட்கின்றன. பூச்சுக் கம்பி மடக்கினால் எளிதில் முறியும், செருகியில் நாளாக ஆக இறுக்கம் தளரும். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கத் தெரிந்த வியாபாரி, கேபிள் சுருளையும் அப்படியே பார்த்து வாங்கலாமே.

நல்ல கேபிளையும் செருகி அடிக்கும் கை கெடுத்துவிடும். எட்டுக் கம்பிகளையும் அடுக்கும் வரிசை ஒன்று உண்டு. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் பிரிந்து மூன்றாவது, ஆறாவது இடங்களுக்குப் போவதைக் கவனியுங்கள். அவசரக்காரர்கள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் அப்படியே செய்தால், விளக்கு எரியும் சாதாரண சோதனைக் கருவியில் எட்டும் சரியென்று காட்டும். ஆனால் மூன்றும் ஆறும் ஒரே பின்னலில் இல்லாததால் ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்கும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஓடும். கடையின் பின்கட்டு வரை இழுத்தால் எர்ரர் கொட்டும். செருகி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால், நிற வரிசையை யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துவிடலாம்.

கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சார வயரோடு ஒரே குழாயில் போட்டிருந்தால் பிரித்துவிடுங்கள். மோட்டார், குளிர்பெட்டி கம்ப்ரஸர் பக்கமாகவும் வேண்டாம்.

பழைய கணக்கர்கள் சிரிப்பார்கள். 1990களில் கறுப்புக் கேபிள் ஒன்றே எல்லாக் கம்ப்யூட்டரையும் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் ஒரு இணைப்பு கழன்றாலும், முனையில் மாட்டும் 50 ஓம் மூடி விழுந்தாலும், கடை முழுவதும் நின்றுபோகும். போதாதற்கு அந்தக் காலத்து என்இ2000 கார்டு தொழிற்சாலையிலிருந்து 3 என்ற குறுக்கீட்டு எண்ணோடு வரும். இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் அதே எண். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் மோதல். அப்போதும் முதலில் திட்டு வாங்கியது கார்டுதான்.

வேகத்தைக் கையால் கட்டிப்போடுவது

இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் சரியில்லாததால் ஜிகாபிட் வேகம் தடுமாறுகிறது. வந்தவர் கார்டின் அமைப்பில் போய், தானாகத் தேர்ந்துகொள் என்று இருந்ததை "100 ஃபுல் டூப்ளக்ஸ்" என்று கட்டிவைத்துவிட்டுப் போகிறார். ஸ்விட்ச் சாதாரண ரகம். அதில் மாற்ற ஒன்றும் கிடையாது, அது எப்போதும் தானாகவே பேசி முடிவு செய்வது. எதிர்முனை பேச மறுத்துவிட்டதால் அது வேகத்தை மட்டும் கண்டுபிடித்து, முறையை ஹாஃப் டூப்ளக்ஸ் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் இது இருவழிச் சாலை என்று நினைத்து வண்டியை விடுகிறது. மறுபக்கம் இது ஒருவர் வரும்போது மற்றவர் நிற்க வேண்டிய குறுகிய பாலம் என்று நினைக்கிறது. நடுப்பாலத்தில் மோதல்.

இதன் அடையாளம் வேடிக்கையானது. காலையில் ஒரு கவுண்டரில் பில் போட்டால் ஒரு குறையும் தெரியாது. பிங் கட்டளை கொடுத்துப் பார்த்தால் பதில் அழகாக வரும். நாலு கவுண்டரும் ஓடத் தொடங்கினால், அல்லது பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்தால், நத்தை வேகம்தான். சர்வரில் பிழை எண்ணும் ஏறும். மருந்து ஒரே வரி: இரண்டு பக்கமும் தானாகத் தேர்வு செய்ய விடுங்கள். அப்படி விட்டால் மறுபடி தடுமாறுகிறது என்றால், கேபிளை மாற்றுங்கள். கட்டிப்போடுவது புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி.

கார்டுக் கோளாறு போலவே தோன்றும் இன்னும் இரண்டு

ரவுட்டர் தன் வட்டத்துக்குள் வரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். சர்வருக்கு நாம் நிலையான எண் ஒன்றை வைத்திருப்போம். அந்த எண் ரவுட்டர் பங்கிடும் வரிசைக்குள்ளேயே இருந்தால், என்றாவது ஒரு நாள் சிப்பந்தியின் கைபேசிக்கு அதே எண் போய்விடும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கைபேசி கடையில் இருக்கும்வரை கோளாறு, அவர் சாப்பிடப் போனால் சரியாகிவிடும். சர்வரின் எண்ணை ரவுட்டர் பங்கிடும் வரிசைக்கு வெளியே வைத்துவிட்டால் தீர்ந்தது. கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் அதற்கு முறையான எண் கிடைக்கவில்லை என்று பொருள்.

மற்றொன்று மின்சாரச் சிக்கனம். சற்று நேரம் வேலையில்லாவிட்டால் கார்டை உறங்கவைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. மதியம் கடை ஓய்ந்து, மாலையில் முதல் பில் போடும்போது இணைப்பு இல்லை என்று வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். சாதனப் பட்டியலில் கார்டின் பண்புகளைத் திறந்தால், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்ற கட்டம் இருக்கும். சர்வரில் அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். கார்டு தயாரித்தவரின் புதிய டிரைவரைப் போடுவதும் அப்போதே செய்யத்தக்கது.

சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிள், ஸ்விட்ச், கார்டு மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் கடை ஓடும், காரணம் தெரியாது, அடுத்த தடவை மூன்றுக்கும் மறுபடி பணம். முதலில், நன்றாக ஓடும் என்று தெரிந்த கேபிள் ஒன்றைத் தரையோடு போட்டு சர்வரை ஸ்விட்ச்சோடு இணைத்து, இரண்டு மூன்று நாள் பிழை எண்ணைப் பாருங்கள். ஏறவில்லையானால் சுவரில் போன கேபிள்தான் குற்றவாளி. ஏறினால் ஸ்விட்ச்சில் வேறு துளைக்கு மாற்றி மறுபடி பாருங்கள். அப்புறம் வேறு ஸ்விட்ச். இவ்வளவுக்கும் பிறகு, அதே கேபிளில் அதே துளையில் ஒரு லேப்டாப் சுத்தமாக ஓடி, சர்வர் மட்டும் பிழை காட்டினால், அப்போது கார்டை மாற்றலாம்.

மாற்றுவது என்று முடிவானால், முதலில் கணக்குக் கோப்புகளின் பிரதியை வெளியே எடுத்து வையுங்கள். சில பில்லிங் மென்பொருள்களின் உரிமம் கார்டில் பொறித்த எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். கார்டைக் கழற்றினால் மென்பொருள் திறக்காது. விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் போன் எடுக்கமாட்டார். புதுக் கார்டுக்குப் பழைய எண்ணைக் கொடுக்கும்போது, அந்த எண் இல்லாத ஒரு கார்டுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் முரண்டு பிடிக்கலாம். சாதனப் பட்டியலில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழைய கார்டின் பதிவை நீக்கினால் சரியாகும். சர்வரின் மதர்போர்டிலேயே உள்ள போர்ட் கெட்டிருந்தால் தனிக் கார்டைப் போட்டுவிட்டு, கெட்டதை அமைப்பில் முடக்கி வையுங்கள்.

குடோன் உள்ளவர்களுக்கு

கார்டு உண்மையாகவே சாகும் இடம் ஒன்று உண்டு என்றால் அது கடைக்கும் குடோனுக்கும் நடுவே வெட்டவெளியில் இழுத்த செம்புக் கேபிள்தான். சித்திரை, வைகாசி இடிமழையிலும் ஐப்பசி மழையிலும், பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் அந்தக் கேபிளில் மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகளைச் சுட்டுவிடும். முழுவதும் சாகாமல் அரைகுறையாய்ப் பிழைத்த போர்ட் அதைவிடத் தொல்லை, விட்டு விட்டு எர்ரர் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி மீட்டர், தனித்தனி எர்த் என்றால் மழையில்லாத நாளிலும் இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் கேபிள் வழியே தொல்லை தரலாம்.

இதற்குச் சரியான ஏற்பாடு ஃபைபர் கேபிள். அதில் ஒளிதான் போகிறது, மின்சாரம் போவதில்லை. இடியும் எர்த்தும் அதைத் தொடாது. 100 மீட்டர் என்ற எல்லையும் இல்லை. இரண்டு முனையிலும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சிறு பெட்டி ஒவ்வொன்று வேண்டும், அந்தப் பெட்டிகளையும் யூபிஎஸ்ஸில் செருக வேண்டும். உள்ளே உலோகக் கம்பியோ இரும்புத் தகடோ இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஃபைபர் போட்ட பயன் பாதி போய்விடும். குழாய்க்குள் விட்டு, குழாயின் வாய்களை அடைத்துவிட்டால் எலிக்கும் வழி இருக்காது.